தவறு புரிதல்: சட்டம் எதைக் குற்றம் என்கிறது?

"என்ட புள்ள குத்தம் செஞ்சானா இல்லையா மகன்? அத மட்டும் சொல்லுங்க."

நீதவான் நீதிமன்ற வளவில், ஒரு மரத்தடியில் நின்று ஒரு தாய் கேட்ட கேள்வி இது. மகன் த்ரீவீல் ஓட்டுபவன். பஸ் நிலையத்தில் அறிமுகமான ஒருவன், "கட்டாருக்குப் போறன், அவசரமாக் காசு வேணும்" என்று சொல்லி, பாவித்த போன் ஒன்றை இருபத்திரண்டாயிரம் ரூபாவுக்கு விற்றிருக்கிறான். கடையில் வாங்கினால் அதைவிடக் கொஞ்சம் கூட. பில் இல்லை. மூன்று கிழமைக்குப் பிறகு பொலிஸ் வந்தது. அது களவு போன போன். இளைஞன் கைதானான், நீதவான் முன் கொண்டுவரப்பட்டான், பதினான்கு நாள் விளக்கமறியல். அன்று பின்னேரமே விலங்கோடு அவன் நிற்கும் படம் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றியது. அடுத்த கிழமை, பேசி வைத்திருந்த கலியாணம் நின்றது.

இது ஓர் ஆளின் கதையல்ல. பல வழக்குகளில் கண்டதை ஒன்றாக்கிச் சொல்கிறேன். ஆனால் அந்தத் தாயின் கேள்வி மட்டும் எல்லா வழக்கிலும் ஒன்றுதான். ஊர் அதற்கு ஒரே நாளில் பதில் சொல்லிவிட்டது. சட்டம் ஏன் மாதக் கணக்கில் யோசிக்கிறது? குற்றம் செய்வது என்றால் சட்டத்தில் என்ன பொருள் என்று விளங்கிக்கொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

பாவம், பிழை, தவறு

பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் "குத்தம்" என்கிறோம். நமது நாட்டுச் சட்டங்களின் தமிழ் வாசகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வருகிற சொல் "தவறு". "தவறொன்றைப் புரிந்தவர்" என்றே சட்டம் எழுதும். வழக்கு விசாரித்து, நிரூபிக்கப்பட்ட பிறகுதான் "குற்றவாளி" என்ற சொல் வரும். இந்த வரிசை முக்கியமானது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1885 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றியது. அதற்கு முன்னர் இங்கிருந்த ரோமன் டச்சுக் குற்றவியல் சட்டத்தை இக்கோவை நீக்கியது. கோவையின் அடிப்படை எளிமையானது: சட்டம் எதைத் தண்டனைக்குரியது என்று எழுதி வைத்திருக்கிறதோ அதுவே தவறு. எழுதாததற்குத் தண்டனை இல்லை. செய்த நேரத்தில் தவறாக இல்லாத ஒன்றுக்காக, பின்னர் சட்டம் இயற்றி ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பதை அரசியலமைப்பின் 13(6) ஆம் உறுப்புரையும் உறுதி செய்கிறது.

ஆகவே, பாவம் எல்லாம் சட்டத்தில் தவறல்ல. புறம் பேசுவது மார்க்கத்தில் பெரும் பாவம். தண்டனைச் சட்டக்கோவையில் அதற்குப் பிரிவு கிடையாது. முன்னர் அவதூறைக் குற்றமாக்கியிருந்த பிரிவுகளும் 2002 இல் நீக்கப்பட்டுவிட்டன. பாதிக்கப்பட்டவர் இப்போது நட்டஈடு கேட்டு சிவில் வழக்குத்தான் போடலாம். மறுபக்கத்தில், தலைக்கவசம் போடாமல் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போய் வருவதை நம்மில் எத்தனை பேர் பாவமென்று நினைக்கிறோம்? சட்டத்தில் அது தவறு.

முதற் கேள்வி: என்ன செய்தான்?

சட்டம் முதலில் செயலைத் தேடுகிறது. மனதுக்குள் ஒருவனைக் கொல்ல வேண்டுமென்று பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தாலும், அந்த நினைப்புக்கு மட்டும் எந்த நீதிமன்றமும் தண்டனை தராது.

செயல் என்பதில் செய்யாமல் விடுவதும் அடங்கும். ஆனால் செய்யவேண்டிய கடமை சட்டப்படி அவருக்கு இருந்திருக்க வேண்டும். குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்காமல் விடும் பெற்றோர் பொறுப்பாவர். பக்கத்து வீட்டுப் பட்டினியைக் கண்டும் காணாமல் போனவரை மார்க்கம் கேள்வி கேட்கும், தண்டனைச் சட்டக்கோவை கேட்காது.

ஒரு பொருளை வைத்திருப்பதும் செயலாகலாம். நமது இளைஞனின் வழக்கில் செயல் தெளிவு. போன் அவன் சட்டைப்பையில் இருந்தது. ஊருக்கு அது போதுமாக இருந்தது. சட்டத்துக்கு அது பாதிதான்.

இரண்டாம் கேள்வி: எந்த மனதோடு செய்தான்?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நடக்கிற ஒரு விடயத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தன்னுடைய செருப்பென்று நினைத்து, அதே மாதிரியான இன்னொருவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறார். மற்றவரின் அசையும் பொருள், அவரது சம்மதமில்லாமல், அவரது வசத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் களவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் களவு நடக்கவில்லை. ஏனென்றால் களவுக்கு "நேர்மையீனமாக" எடுக்கும் எண்ணம் வேண்டும். அதாவது உரிமையில்லாத இலாபத்தை ஒருவருக்கோ, உரிமையற்ற நட்டத்தை இன்னொருவருக்கோ உண்டாக்கும் எண்ணம்.

கதை அங்கே முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய், வெளிச்சத்தில் பார்க்கிறார். தன்னுடையது இல்லை. "சரி, இது புதுசு மாதிரி இருக்கு" என்று வைத்துக்கொள்கிறார். அந்த நிமிடத்திலிருந்து நிலைமை மாறுகிறது. எடுத்தபோது நல்ல மனது இருந்தாலும், பிறருடையது என்று தெரிந்த பின் தனதாக்கிக்கொள்வது நேர்மையீனமான கையாடல் என்ற வேறொரு தவறு. செருப்பு அசையவேயில்லை. அசைந்தது மனம் மட்டும்தான்.

தெருவில் கண்டெடுத்த பொருளுக்கும் இதே கணக்குத்தான். உரியவரிடம் கொடுக்கவென்று எடுத்து வைப்பவர் தவறு புரியவில்லை. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது தேடிப்பார்க்க நியாயமான முயற்சி செய்யாமலும், சொந்தமாக்கிக்கொள்பவர் தவறு புரிகிறார். ஃபிக்ஹில் "லுகதா" என்ற தலைப்பைப் படித்தவர்களுக்கு இந்த நியாயம் புதிதாக இருக்காது.

தன் சொந்தப் பொருளையே ஒருவர் களவெடுக்கவும் முடியும். திருத்தக் கொடுத்த போனுக்குக் கூலி கட்டவில்லை. காசு தரும்வரை கடைக்காரர் அதைப் பிடித்து வைத்திருக்கிறார். கடைக்காரர் பார்க்காத நேரம், கூலிக்காசை ஏய்ப்பதற்காக அதை எடுத்துக்கொண்டு வந்தால், சட்டப்படியான அவரது வசத்திலிருந்து நேர்மையீனமாக எடுத்ததாகிவிடும்.

நமது சட்டக்கோவையின் சிறப்பு, எல்லாத் தவறுக்கும் "கெட்ட மனது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், ஒவ்வொரு பிரிவிலும் எந்த மனநிலை வேண்டுமென்று எழுதியிருப்பது. சில இடங்களில் "எண்ணம்" வேண்டும். சில இடங்களில் "அறிவு" போதும். சில இடங்களில் "நம்புவதற்குக் காரணம்" இருந்தால் போதும். சில இடங்களில் "கவனயீனம்" கூடப் போதும். வீதிப் போக்குவரத்து, உணவுப் பாதுகாப்பு, விலைக் கட்டுப்பாடு போன்ற துறைகளில், மனநிலை பற்றிப் பிரிவு ஒன்றுமே சொல்லாத தவறுகளும் உண்டு.

2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னரான கிழமைகளில் நமது சமூகம் இதன் பெறுமதியை வேதனையோடு கற்றது. கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட உடுப்பு அணிந்த ஒரு பெண், அது தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைதுசெய்யப்பட்டு, விளக்கமறியலில் வைக்கப்பட்டார். மத உணர்வைப் புண்படுத்தும் தவறுக்குத் தண்டனைச் சட்டக்கோவை கேட்பது, வேண்டுமென்றே புண்படுத்தும் எண்ணம். ஓர் உடுப்பின் பூவேலையில் அந்த எண்ணத்தை எங்கே தேடுவது? பின்னர் உயர் நீதிமன்றம், அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்த்தது. மனநிலை பற்றிய கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

ஒரே மரணம், நான்கு முடிவுகள்

மனநிலை எவ்வளவு தூரம் வித்தியாசம் செய்யும் என்பதை மரண வழக்குகளில் பார்க்கலாம். ஒருவர் இறந்துவிட்டார், அவரது மரணத்துக்கு இன்னொருவரின் செயலே காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

கொல்லும் எண்ணத்தோடு செய்திருந்தால் அது கொலை. தண்டனை மரணம். (1976 க்குப் பின் இலங்கையில் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை, ஆனாலும் தீர்ப்பு அதுதான்.) கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலில் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் செய்திருந்தால், அல்லது முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டையில் நடந்திருந்தால், அது கொலையாகாத குற்றமுறு மனிதக்கொலையாகக் குறையலாம். தண்டனை இருபது வருடம் வரையான சிறை. கண்மண் தெரியாமல் அல்லது கவனயீனமாக வாகனம் ஓட்டியதால் நடந்திருந்தால் ஐந்து வருடம் வரை. சட்டப்படியான ஒரு வேலையை, உரிய கவனத்தோடு, தீய எண்ணமில்லாமல் செய்கையில் தற்செயலாக நடந்திருந்தால் அங்கே தவறே இல்லை.

இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கும் ஒரே இழப்புத்தான். ஆனால் செய்தவரின் பொறுப்பு ஒன்றல்ல. வேண்டுமென்று கொல்வதையும், கொல்லாத ஆயுதத்தால் தாக்கி மரணம் நேர்வதையும், தவறுதலாகக் கொல்வதையும் வேறுவேறாகப் பிரித்த இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் இதே உண்மையைத்தான் கண்டார்கள்.

மூன்றாம் கேள்வி: விலக்கு ஏதும் உண்டா?

செயலும் மனநிலையும் பொருந்திவந்தாலும், சட்டக்கோவையின் நான்காம் அத்தியாயம் "பொது விலக்குகள்" என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்யும் எதுவும் தவறாகாது. நீண்ட காலமாக இந்த எல்லை எட்டு வயதாக இருந்தது. 2018 ஆம் ஆண்டின் திருத்தம் அதை உயர்த்தியது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு, செய்வதன் தன்மையை விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். செய்வது இன்னதென்று அறிய முடியாத அளவு புத்தி பேதலித்தவருக்கும் பொறுப்பில்லை. தன் உடலையோ, பிறர் உடலையோ, பொருளையோ காக்க, தேவையான அளவுக்கு எதிர்த்து அடித்தவருக்குத் தற்காப்புரிமை உண்டு. அடித்தவன் விழுந்து கிடக்கும்போது மேலும் பத்து அடி போடுவது அதில் சேராது.

"எனக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறது தெரியாதே" என்பது விலக்கல்ல. "விடயம் அப்படியென்று தெரியாதே" என்பது விலக்காகலாம். செருப்பு மாறியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிழையாக விளங்கியது சட்டத்தை அல்ல, எது தன் செருப்பு என்பதை.

போதை பற்றி இன்றைக்கு நம் ஊர்களில் சொல்லியே ஆகவேண்டும். வாப்பாமார் சிலர், "அவன் ஐஸ் அடிச்சிருந்தான், சுய நினைவில செய்யல்ல" என்று சொல்லி மகனைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். பலவந்தமாகவோ, தெரியாமலோ போதை கொடுக்கப்பட்டிருந்தால்தான் அது விலக்காகும். தானே எடுத்துக்கொண்ட போதையைக் காட்டித் தப்ப முடியாது என்பதே பொது விதி.

கூட நின்றவனும், முடிக்காமல் விட்டவனும்

"நான் அடிக்கல்ல, சும்மா நின்டன்" என்பது நீதிமன்றத்தில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. சும்மா நின்றது உண்மையென்றால் அது தவறல்ல. ஆனால் பலர் ஒரே எண்ணத்தைப் பகிர்ந்துகொண்டு ஒன்றைச் செய்தால், அடி போட்டவன் ஒருவனாக இருந்தாலும், எல்லோரும் அதைத் தனித்தனியே செய்ததாகவே சட்டம் கொள்ளும். தூண்டிவிட்டவனும் உதவி செய்தவனும் உடந்தை என்ற வகையில் பொறுப்பாவர்.

முடிக்காத செயலுக்கும் பொறுப்பு உண்டு. ஒருவன் சனநெருக்கத்தில் இன்னொருவரின் பையில் கைவிடுகிறான். பை வெறுமை. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் களவெடுக்க எத்தனித்த தவறு பூர்த்தியாகிவிட்டது. ஆயத்தம் செய்வதும் எத்தனிப்பதும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். திட்டம் போட்டவன், செய்யத் தொடங்குவதற்கு முன் திரும்பி வந்துவிட்டால், பெரும்பாலான தவறுகளில் சட்டம் அவனைப் பிடிப்பதில்லை.

கடனும் குற்றமும், பேசித் தீர்ப்பதும்

"காசி தாரானில்ல, பொலிஸ்ல குடுத்து உள்ளுக்குப் போடுவம்." வாங்கிய கடனைக் கொடுக்க முடியாமற்போவது தவறல்ல, சிவில் விடயம். காசை வாங்கும் நேரத்திலேயே பொய் சொல்லி, திருப்பிக் கொடுக்கும் நோக்கமில்லாமல் வாங்கியிருந்தால்தான் அது வஞ்சித்தல். நம்பி ஒப்படைத்த சீட்டுக் காசைத் தன் வியாபாரத்தில் நேர்மையீனமாகப் போட்டால் அது குற்றவியல் நம்பிக்கை மோசடி. கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் எழுதிக் கொடுப்பதை 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் தனியான தவறாக்கியிருக்கிறது. "ஒரு செக் தானே, பாதுகாப்புக்குக் குடுக்கிறன்" என்று கையெழுத்துப் போடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்னொரு விடயம். தவறு என்பது பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் செய்யப்பட்டதாகச் சட்டம் பார்ப்பதில்லை. அது முழுச் சமூகத்துக்கும் எதிரானது. அதனால்தான் வழக்கை அரசு நடத்துகிறது. சிறு காயம், அத்துமீறல் போன்ற சிலவற்றை நீதிமன்றத்தில் சமாதானமாகத் தீர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பாரதூரமானவற்றில் இடமில்லை. பள்ளிவாசல் நிர்வாகமோ, காதி நீதிமன்றமோ குற்றவியல் வழக்கை விசாரிக்க முடியாது. குறிப்பாக, சிறுவர் மீதான பாலியல் துஷ்பிரயோகத்தைக் குடும்ப மானம் என்று சொல்லி ஜமாஅத்தில் பேசி முடிப்பது, அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். ஒரு பக்கம் நிரூபிக்கப்படாதவனைக் கள்ளன் என்கிறோம். மறுபக்கம் செய்தவனை மறைக்கிறோம். இரண்டிலும் நாமே நீதிபதியாகிவிடுகிறோம்.

நான்காம் கேள்வி: யார் நிரூபிப்பது?

அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை, குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியென்று ஊகிக்கப்பட வேண்டும் என்கிறது. நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுநருடையது. செயலையும் மனநிலையையும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் காட்ட வேண்டும். விலக்கு ஒன்றைக் கோரும் எதிரி மட்டும், சான்றுக் கட்டளைச் சட்டப்படி அந்த விலக்கை எண்பிக்க வேண்டும். அதற்கு அவ்வளவு உயர்ந்த தரம் தேவையில்லை. அவர் சொல்வது நடந்திருக்கவே கூடுதல் சாத்தியம் என்று தெரிந்தால் போதும்.

மனநிலையை யார் கண்டார்? யாரும் காண முடியாது. ஆகவே நீதிமன்றம் சூழ்நிலையிலிருந்து ஊகிக்கிறது: என்ன விலை, எந்த நேரம், யாரிடமிருந்து, கேட்டபோது என்ன சொன்னான், மறைத்தானா, காட்டினானா.

பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண சட்டத்தில் எதிரிக்கெதிரான சான்றாகப் பாவிக்க முடியாது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விலக்கு வைத்திருப்பதுதான் அதன் மீதான பலமான விமர்சனங்களில் ஒன்று. கைது, விளக்கமறியல், பிணை எல்லாம் விசாரணையின் படிகள். அவற்றில் ஒன்றேனும் தீர்ப்பல்ல.

அந்தத் தாய்க்கு

இப்போது இளைஞனிடம் திரும்புவோம். களவுப் பொருளை வைத்திருப்பது தவறாவதற்கு, அது களவு போனதென்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். அதோடு நேர்மையீனமும் வேண்டும். அறுபதினாயிரம் பெறுமதியான போனை ஐயாயிரத்துக்கு, இருட்டில், முகம் தெரியாதவனிடம் வாங்கியிருந்தால், "தெரியாது" என்ற சொல் நிற்காது. இவன் ஏறக்குறையச் சந்தை விலை கொடுத்தான். பகலில், பலர் பார்க்க வாங்கினான். தன் பெயரிலுள்ள சிம்மைப் போட்டுப் பேசினான். பொலிஸ் கேட்டதும் விற்றவனின் பெயரைச் சொன்னான். பில் கேட்காதது கவனயீனம். கவனயீனம் ஒரு வீதி விபத்தில் சிறைக்கு அனுப்பலாம். இந்தத் தவறுக்கு அது போதாது.

ஏழு மாதம் கழித்து நீதவான் அவனை விடுவித்தார்.

நான் தாயிடம் சொன்னேன்: "இல்ல உம்மா, உங்கட மகன் தவறு செய்யல்ல. பில் கேட்டிருக்கணும், அவ்வளவுதான்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "அப்ப இதையும் அந்தக் குறூப்ல போடுவாங்களா மகன்?"

விலங்கோடு நின்ற படத்தைப் பகிர்ந்த விரல்களில் எத்தனை, விடுதலைச் செய்தியைப் பகிர்ந்தன என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கலியாணம் திரும்பப் பேசப்படவில்லை என்பது மட்டும் தெரியும். அடுத்த முறை அப்படி ஒரு படம் நமது போனுக்கு வரும்போது, அனுப்புவதற்கு முன் நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போம். என்ன செய்தான்? எந்த மனதோடு செய்தான்? விலக்கு உண்டா? யார் நிரூபித்தது? நான்குக்கும் விடை தெரியாதென்றால், அந்தப் படம் நம்மோடு நிற்கட்டும்.